நேபாளம் போகும் மாணவர்கள்: வயிற்றுப்போக்குக்கு என்ன மருந்து எடுத்துப் போகணும்?

கும்பகோணத்துக்காரன்:
எங்க கல்லூரியிலிருந்து 12 பேர் அடுத்த மாசம் காத்மாண்டு போறாங்க, 10 நாள். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) தவிர வேறென்ன வேணும்?

மன்னார்குடி மருந்தாளுநர்:
தம்பி, முதல்ல ஓஆர்எஸ்ஸையே சரியாக் கலக்கச் சொல்லுங்க. 21 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி. பாதிப் பேர் ஒரு டம்ளர்ல முழுசாக் கொட்டிடுறாங்க. கரைசல் அவ்வளவு கெட்டியானா உடம்புத் தண்ணியைக் குடலுக்குள்ள இழுத்து, போக்கு இன்னும் கூடும். லிட்டர் பாட்டிலே அளவு. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாது. பழச்சுவை டப்பா பானமெல்லாம் ஓஆர்எஸ் கணக்குல சேராது.
போக்கை நிறுத்துற லோபரமைடு 2 மி.கி. மாத்திரை: முதல்ல ரெண்டு, அப்புறம் ஒவ்வொரு போக்குக்கும் ஒண்ணு, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தா தொடவே கூடாது.

தஞ்சாவூர் டாக்டர்:
சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக் அந்தப் பக்கம் பெரும்பாலும் எடுபடாது. அசித்ரோமைசின்ங்கிற வேற ஆன்டிபயாடிக்குக்கு டாக்டர் சீட்டு வாங்கிக்கோங்க, கடும் போக்குக்கு மட்டும். திரும்பி வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல அழுகின முட்டை வாடையோட ஏப்பம், எண்ணெய்ப் பசையா மலம்னா ஜியார்டியாங்கிற குடல் ஒட்டுண்ணியா இருக்கலாம். ஒரு தடவை மலப் பரிசோதனையில தப்பிடும், வேற வேற நாள்ல மூணு மாதிரி கொடுக்கணும்.

கும்பகோணத்துக்காரன்:
டைபாய்டு ஊசிக்கு நேரம் இருக்கா சார்?

தஞ்சாவூர் டாக்டர்:
இருக்கு. ஒரே ஊசிதான், கிளம்ப ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுடுங்க.