குன்னூர் ஏத்தத்துல பத்மினி நாக்கிங்: 95 பெட்ரோல் போட்டா சரியாகுமா?

சிறுமுகை_செந்தில்:
வணக்கம்ங்க. அப்பாவோட 1986 பிரீமியர் பத்மினி கார் இப்ப எங்கிட்ட இருக்குது. ஊருக்குள்ள ஓட்டறப்ப ஒரு குறையும் இல்லீங்க. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு விட்டு ஏத்தம் ஆரம்பிச்சதும் மூணாவது கியர்ல மிதிச்சா, சில்லறையக் குலுக்கற மாதிரி நாக்கிங் சத்தம் (பெட்ரோல் தாறுமாறா எரிஞ்சு இன்ஜின் தட்டறது) வருது. காலை லேசா எடுத்தா நின்னுருது. பர்லியாறு வரைக்கும் இதே கதை. குன்னூர் நெருங்க நெருங்கக் குறைஞ்சு, ஊட்டிப் பக்கம் சுத்தமா இல்லை. மெக்கானிக், "இப்ப வர்ற பெட்ரோல்ல லெட் (ஈயம்) இல்லை, அதான் தட்டுது, ஆக்டேன் (தட்டாமத் தாங்கற அளவு) 95 போடுங்க"ங்கறாரு. 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததுக்கு அப்புறம்தான் கூடுன மாதிரி எனக்குத் தெரியுது. அப்பா பார்த்துப் பார்த்து வெச்சிருந்த வண்டிங்க. பிஸ்டனுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்குது.

பட்டறை_மணி:
செந்தில் தம்பி, பயப்படறது நியாயம்தான். நாக்கிங்கோடவே ஓட்டுனா ரிங் உக்கார்ற இடம் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஆனா 95-க்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி இன்ஜினைப் பாருங்க.

பத்மினியோட கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தற விகிதம்) 8-க்குப் பக்கம்தான், ரொம்ப ஆக்டேன் கேக்காது. பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ் 2 புகை விதி) காலத்துல சாதாப் பெட்ரோல் ஆக்டேன் 88. அப்புறம் 91 ஆச்சு. இ20-க்குக் குறைஞ்சது 95 இருக்கணும்னே விதி. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், குறைக்காது. லெட் பெட்ரோல் 2000 பிப்ரவரியிலயே நாடு முழுக்க நின்னு போச்சு. அதுக்கப்புறம் இத்தனை வருஷம் தட்டாத இன்ஜின் இப்பத் தட்டுதுன்னா லெட் மேல பழி போட முடியாது.

நீங்க சொன்னதுலயே துப்பு இருக்குது. மேல போகப் போக நின்னுருதுன்னீங்க. உயரத்துல காத்து மெலிசு, சிலிண்டருக்குள்ள அழுத்தம் குறையும், நாக்கிங்கும் குறையும். அதோட, காத்து மெலிஞ்சது, காத்தையும் பெட்ரோலையும் கலக்கற கார்புரேட்டருக்குத் தெரியாது. கிட்டத்தட்டப் பழைய கணக்குலயே பெட்ரோலை விடும், மிக்சர் ரிச் (பெட்ரோல் கூடுதல்) ஆயிரும். அப்ப கீழ லீனா (பெட்ரோல் பத்தாம) ஓடுதோன்னு சந்தேகப்படணும்.

இ20 வேலை காட்டறது அங்கதான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும். இ20-க்கு 13.5 சுமாரா வரும். புது வண்டியில ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரி பண்ணிக்கும். நம்ம சோலெக்ஸ் கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டை அதே ஓட்டைதான், அதனால லீன் ஆயிரும்.

முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பீங்கான் லேசான பழுப்பா இருக்கணும். வெள்ளை வெளேர்னு, மேல மிளகுப்பொடி மாதிரி புள்ளி இருந்தா லீனும் நாக்கிங்கும் உறுதி.

அடுத்தது டைமிங், அதாவது பிளக் எப்பப் பொறி விடுதுங்கறது. டிஸ்ட்ரிபியூட்டர்ல திறந்து மூடற பாயின்ட்டோட கேப்பை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற தகடு) வெச்சு செட் பண்ணிட்டுத்தான் டைமிங்கைத் தொடணும். கேப் கூடினாலே டைமிங் முன்னாடி போயிரும், தட்டும். நிறையப் பேரு இந்த வரிசையை மாத்திப் பண்றாங்க. மேனுவல்ல இருக்கற டிகிரிக்கு புல்லியைக் கொண்டு வந்து, டெஸ்ட் லேம்ப்பைப் பாயின்ட் ஒயர்ல மாட்டி, பாயின்ட் பிரியற நேரம் பல்பு எரியுதான்னு பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள வெயிட்டை இழுக்கற ஸ்பிரிங் தளர்ந்திருந்தா, ஐடில்ல சரியாக் காட்டிட்டு ஆர்பிஎம் ஏறும்போது சீக்கிரமே முன்னாடி போகும். அதுக்கு டைமிங் லைட் புடிச்சுத்தான் பார்க்கணும்.

ரேடியேட்டர் அடைச்சு இன்ஜின் சூடானாலும், ஹெட்டுல கார்பன் கட்டியிருந்தாலும் தட்டும். பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் ஆக்டேன் விழும், அதனால பங்க்கை ஒரு தடவை மாத்திப் பாருங்க.

உறையூர்_அம்பாசிடர்:
மணி அண்ணே சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். லெட் இல்லாததால பாதிப்பு வர்றது வால்வு சீட்டுக்கு, அது வேற விஷயம். என் அம்பாசிடர்ல இரும்பு ஹெட், சீட்டும் அதுலயே கடைஞ்சது. அதனால ஹார்டன் பண்ணுன சீட் போட்டுக்கிட்டேன். பத்மினிக்கு அலுமினிய ஹெட், தனியா சீட் இறக்கித்தான் வரும், அந்தக் கவலை கம்மி. ஆனா இ20-க்குப் பழைய ரப்பர் தாங்காது. ஃபியூவல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் ரெண்டையும் எத்தனால் தாங்கற ரகமா மாத்திருங்க. டயஃப்ரம் ஊறிப்போய் ஏத்தத்துல பெட்ரோல் பத்தாம போனாலும் லீன்தான்.

சிறுமுகை_செந்தில்:
பிளக் பார்த்தேங்க அண்ணா. நாலும் வெள்ளை, புள்ளியும் இருக்குது. பாயின்ட் கேப்பும் கூடத்தான் இருந்துச்சு, செட் பண்ணிட்டேன். மெயின் ஜெட் பெருசு போட்டுரலாமுங்களா?

பட்டறை_மணி:
பொறுங்க தம்பி, ஏர் லீக் பார்க்காம ஜெட்டைத் தொடாதீங்க. லீக் இருக்கறப்ப ஜெட்டைப் பெருசு பண்ணுனா ஐடில்ல லீன், மேல ரிச்னு ரெண்டுங்கெட்டான் ஆயிரும். காலையில ஸ்டார்ட் பண்ணுன உடனே, எக்ஸாஸ்ட் சூடாகறதுக்கு முன்னாடி, மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்துலயும் கார்புரேட்டர் அடியிலயும் கார்ப் கிளீனரை ரொம்பக் கொஞ்சமா அடிங்க. ஐடில் மாறுனா அங்கதான் லீக். தீ அணைக்கற சிலிண்டர் பக்கத்துல இருக்கட்டும். த்ராட்டில் ஷாஃப்ட் தேஞ்சு ஆடுதான்னும் அசைச்சுப் பாருங்க, பழைய சோலெக்ஸ்ல அது சகஜம்.

லீக் இல்லைன்னா மெயின் ஜெட் ஒரே ஒரு சைஸ் மட்டும் ஏத்துங்க. அதே கல்லாறு ஏத்தத்துல ஓட்டி, பாதியிலயே ஓரமா நிறுத்தி, இன்ஜின் ஆறுனதும் பிளக்கைப் பாருங்க. மேல போய்ப் பார்த்தா ரிச் நிறம்தான் காட்டும். அதுவரைக்கும் மூணாவதுல திணற விடாம ரெண்டாவதுக்கு இறக்கிருங்க.