பார்த்துக்கொள்கிறவரே படுத்துவிட்டால்?

மூத்தமகள்:
அம்மாவுக்கு டிமென்ஷியா என்கிற மறதிநோய், கூடவே சர்க்கரை. பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். போன மாதம் பித்தப்பைக் கல்லுக்காக எனக்கே திடீர் ஆபரேஷன். தம்பி ஓடி வந்தான். ஆனால் எனக்கு மயக்கம் தெளிவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மருந்துச் சீட்டு அவன் கையில்தான் இருந்தது. சீட்டில் இல்லாததுதான் அவனைப் படுத்தியது. "மாத்திரை போடும்மா" என்றால் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். உள்ளங்கையில் வைத்துவிட்டு நாம் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அவளும் போட்டுக்கொள்வாள். பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவாள். இதுதான் வீடு என்று வாதாடினால் ரகளைதான். இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டு, மடிக்கத் துணி கொடுத்தால் அடங்குவாள். இப்போது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். வேறு என்ன எழுதலாம்?

வார்டு நர்ஸ்:
அக்கா, சாதாரண நாளில் அம்மா எப்படி இருப்பார் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். எவ்வளவு பேசுவார், யாரை அடையாளம் தெரியும், தானாக நடப்பாரா, இதெல்லாம். வயதானவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப்போனால், மறதி முற்றிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து, சர்க்கரை இறங்குவது என்று சரிசெய்யக்கூடிய காரணம் பின்னால் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். வழக்கம் எழுதியிருந்தால், புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கும் மாற்றம் பிடிபடும்.

மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயர், மில்லிகிராம் எல்லாம் வேண்டும். விழுங்க மறுத்தால் பொடித்துக் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு எழுதுங்கள். மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையைப் பொடித்தால், மணிக்கணக்கில் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

வெளியூர்த் தம்பி:
நானும் ஒரு காலத்தில் "ஏதாவது வேணும்னா சொல்லுக்கா" கட்சிதான். ஒருநாள் என் அக்கா நேராகவே கேட்டுவிட்டாள்: "யோசிச்சு உனக்கு வேலை கொடுக்கறதே எனக்கு இன்னொரு வேலைடா." அப்புறம் பில் கட்டுவது, இன்சூரன்ஸ் தாள்கள், டாக்டரிடம் நேரம் வாங்குவது மூன்றும் என் பொறுப்பு. தூரத்திலிருந்தே முடியும். பணம் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற அண்ணன் தம்பிகள் இதைப் படித்தால் நல்லது!

ஓய்வுபெற்ற கணக்கர்:
நோட்டில் காகித விவகாரமும் வரட்டும் அம்மா. என் அப்பாவிடம் இதைப் பேச ஆரம்பித்ததும் "என்னை இப்பவே அனுப்பப் பாக்கறியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை விட்டுவிட்டு, என் தாள்களை அவர் முன்னால் பரப்பினேன். எனக்கு ஒன்று ஆனால் யார் கையெழுத்துப் போடுவது, எந்த சிகிச்சை வேண்டாம் என்று நானே எழுதியதை வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டேன். திருத்தம் சொல்லத் தொடங்கியவர் தன் விருப்பத்தையும் சொல்லிமுடித்தார். பெற்றவர்களுக்குத் திருத்துவதில் ஒரு சந்தோஷம்!

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பல நாடுகளின் சட்டப்படி, தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் சாதாரண பவர் பத்திரம், எழுதிக்கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் செல்லாது. அதன் பிறகும் செல்லும்படி எழுத உங்கள் ஊர்ச் சட்டத்தில் இடம் உண்டா என்று, அவர் தெளிவாக இருக்கும்போதே வக்கீலிடம் கேளுங்கள். வங்கியின் ஓடிபி எந்த போனுக்கு வருகிறது என்பதையும் பாருங்கள்.

மூத்தமகள்:
அம்மா விஷயத்தில் பத்திரத்துக்குக் காலம் கடந்துவிட்டது என்றே நினைக்கிறேன். வேறு வழி உண்டா என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்தவர்கள் யாராவது உண்டா? அம்மா வெளியாளைக் கிட்டே சேர்ப்பாளா என்று பயமாக இருக்கிறது.

சின்ன மருமகள்:
மாமியாருக்கு வைத்தோம். அவசரம் வரும்வரை காத்திருக்காமல், நான் வீட்டில் இருக்கும்போதே வரச் சொன்னேன். முதலில் சும்மா பேச்சுத்துணைக்கு, அப்புறம் தலைவாரிவிட, கடைசியாகத்தான் குளிப்பாட்ட. குளியலை முதல் நாளே ஆரம்பித்தால் எந்த மனுஷிக்குத்தான் கோபம் வராது? முடிந்தால் அந்த நோட்டை வருகிறவரிடமும் கொடுத்து, அவர் கண்ணில் பட்டதையும் எழுதச் சொல்லுங்கள்.