பெர்த்தா, அடிலெய்டா? மாவு எந்த ஊரில் புளிக்கும்?

ஈசூன் பாட்டி:

மகனுக்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று பெர்த், மற்றொன்று அடிலெய்டு. சம்பளத்தில் ஏறத்தாழ வித்தியாசமே இல்லை. “பேத்தியைப் பார்த்துக்கொள்ள வருடத்தில் ஆறு மாதம் நீங்களும் அப்பாவும் வரப்போகிறீர்கள். எந்த ஊர் உங்களுக்கு ஒத்துவரும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்” என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான். மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு ஊர்களின் வெப்பநிலை அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். உச்சக் கோடையில் பெர்த்தில் பகலில் சராசரி 31, 32. அடிலெய்டில் 29, 30. குளிர்காலத்தில் பகலில் பெர்த் 18, அடிலெய்டு 15. இரவில் இரண்டுமே 8 டிகிரியை ஒட்டித்தான். “மூன்று டிகிரிக்கா இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறாய்?” என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். அவர் கப்பல் பட்டறையில் 32 வருடம் வெயிலில் நின்றவர், வெயிலுக்கு அஞ்ச மாட்டார். ஆனால் 2018 ஜனவரியில் சில நாள் இங்கே சிங்கப்பூரில் 22 டிகிரி அளவுக்கு இறங்கியதே, அப்போது அலமாரியைக் குடைந்து குரங்குக் குல்லாவைத் தேடி எடுத்தவரும் அவர்தான். ஆஸ்துமாவும் உண்டு. எனக்கு முழங்கால் வலி.

எனக்குத் தெரிய வேண்டியது அட்டவணையில் இல்லை. துணி காயுமா? இட்லி மாவு புளிக்குமா? காலையில் எழுந்து தரையில் கால் வைக்க முடியுமா? அங்கே குடும்பம் நடத்துகிறவர்கள் சொன்னால்தான் நம்புவேன். சுற்றுலா போய் கங்காருவோடு படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் மன்னிக்கவும்.

முன்னாள் உட்லண்ட்ஸ்காரன்:

அக்கா, அட்டவணையை மூடி வைத்துவிடுங்கள். உட்லண்ட்ஸிலிருந்து 2010இல் பெர்த்துக்கு வந்தேன். வீடுகளுக்குக் குளிரூட்டி பொருத்துவது என் தொழில். எந்த வீட்டில் யார் வேர்க்கிறார், யார் நடுங்குகிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

சராசரி 31 என்பதை நம்பாதீர்கள். சிங்கப்பூரில் சராசரி 31 என்றால் அன்றாடம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். இங்கே ஒரு வாரம் 27, 28 என்று இதமாகப் போகும், அடுத்த வாரம் 40ஐத் தாண்டும். 2022 ஜனவரியில் தொடர்ந்து ஆறு நாள் 40க்கு மேல் அடித்தது. 1991 பிப்ரவரியில் 46.2 வரை போன ஊர் இது. ஆனால் இங்கே 36 டிகிரி அடித்தாலும் நம் ஊர் 32ஐப்போல் உடம்பில் பிசுபிசுக்காது. காற்றில் ஈரம் குறைவு. நிழலில் நின்றால் வியர்வை தானே உலர்ந்துவிடும். அதற்குப் பதிலாக உதடு வெடிக்கும், தொண்டை வறளும், இரவில் தண்ணீர்ச் செம்பு தலைமாட்டில் இல்லாமல் தூக்கம் வராது. துணியைப் பற்றிக் கவலையே வேண்டாம். கோடையில் தடித்த துவாலைகூட ஒரு மணி நேரத்தில் அப்பளம்போல் மொறமொறப்பாகிவிடும்.

அட்டவணையில் இல்லாத பெரிய விஷயம் காற்று. கோடையில் காலையில் கிழக்கே உள்நாட்டு வறண்ட நிலத்திலிருந்து அனல் வீசும். நண்பகல் தாண்டி மூன்று மணிக்குள், பெரும்பாலும், தென்மேற்கிலிருந்து கடற்காற்று உள்ளே நுழையும். அதற்கு இங்கே ‘ஃபிரிமாண்டில் டாக்டர்’ என்று பெயர். சென்னையில் கடற்காற்றுக்குக் காத்திருப்பார்களே, அதேபோல் இங்கே டாக்டருக்குக் காத்திருப்போம். திரைச்சீலை ஆடத் தொடங்கினால் என் மனைவி அடுப்பைப் பற்றவைப்பாள், அதுவரை ரசம்கூட வைக்க மாட்டாள். கரையோரத்து வீடுகளுக்கு டாக்டர் சீக்கிரம் வருவார். கிழக்கே மலையடிவாரத்துக்கு வந்து சேரும்போது மாலையாகிவிடும், சில நாள் வரவே மாட்டார். ஆகவே உங்கள் மகன் பெர்த்தைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பேட்டையில் வீடு என்பதைப் பொறுத்துத்தான் கோடை.

இன்னொன்று. இங்கே பல வீடுகளில் கூரைமேல் பெரிய ஏர்கூலர் இருக்கும். ஈரமான பட்டைகள் வழியே காற்றை இழுத்து உள்ளே தள்ளும். அந்தக் காலத்தில் வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்களே, அதே சூத்திரம்தான். ஈசூனில் அதை வைத்தால் வீடு நனைந்த துணிபோல் ஆகிவிடும், இங்கே காற்று வறண்டிருப்பதால் வேலை செய்கிறது. அது ஓடும்போது சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வருகிற அம்மாக்கள் எல்லாரும் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவார்கள்! காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாளில் மட்டும் அதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் புகையை உள்ளே இழுத்துவிடும். அண்ணனுக்கு ஆஸ்துமா என்றீர்கள், இதை மறக்காதீர்கள்.

குளிர்காலத்தில் வெளியே குளிராது, வீட்டுக்குள்தான் குளிரும். இது புரிய எனக்கு ஒரு முழு வருடம் ஆனது. முதலில் வாடகைக்கு எடுத்த வீட்டில் தரை முழுவதும் ஓடு, சன்னலில் ஒற்றைக் கண்ணாடி, இருந்த ஒரே ஹீட்டரும் பழுது. வீட்டு முகவரிடம் சொன்னால் “அடுத்த வாரம்” என்பார். அந்த அடுத்த வாரம் செப்டம்பரில் வந்தது, குளிரே போய்விட்டது. ஜூலையில் வெளியே 18, கூடத்தில் 14. பிள்ளைகள் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டே வீட்டுப்பாடம் எழுதினார்கள்.

அடிலெய்டு மருமகள்:

அம்மா, வணக்கம். மேலே அண்ணன் சொன்ன வீட்டுக்குள் குளிர் இங்கேயும் உண்டு, கூடுதலாகவே உண்டு. நான் தோபாயோவில் வளர்ந்தவள், திருமணமாகி இங்கே வந்து ஒன்பது வருடமாகிறது.

முதலில் மாவு. மே முதல் செப்டம்பர் வரை மேடைமேல் வைத்தால் மறுநாளும் கல்போல் அப்படியே இருக்கும். ஓவனுக்குள் வைத்து, சூடாக்காமல் விளக்கை மட்டும் போட்டுவிடுவேன். பதினாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். தேங்காய் எண்ணெயைக் கத்தியால்தான் எடுக்க வேண்டும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து, குளிர் வந்ததும் குழந்தையைத் தூக்குவதுபோல் உள்ளே தூக்கி வருகிறேன். பெர்த்தில் என் தோழி வீட்டில் அது தரையில் நின்று கூரையைத் தொடுகிறது. பார்த்தால் வயிறு எரியும்.

கோடைச் சராசரி பெர்த்தைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வடக்கே பாலைவனம். வடகாற்று அடிக்கும் நாளில் ஹேர்டிரையருக்கு முன்னால் நிற்பதுபோல் இருக்கும். 2019 ஜனவரி 24 அன்று இங்கே 46.6 பதிவானது, ஆஸ்திரேலியாவின் மாநிலத் தலைநகர் எதிலும் அதற்குமுன் அவ்வளவு பதிவானதில்லை. அன்று மூன்று மணிக்கு எங்கள் குழாயில் ‘குளிர்ந்த’ தண்ணீரில் பாத்திரம் கழுவ முடியவில்லை. ஆனால் காற்று தெற்குக்குத் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். தெருவில் எல்லார் வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும், அது ஒரு தனி அழகு.

நேரத்தையும் யோசியுங்கள். சிங்கப்பூரைவிட இங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால், கோடையில் இரண்டரை. டிசம்பரில் எட்டரை மணிக்குத்தான் சூரியன் மறையும். பேத்தியைத் தூங்கவைக்க முயன்று பாருங்கள், “இன்னும் பகல்தானே, பாட்டி” என்பாள்.

தெம்பனிஸ் ஆசிரியர்:

அந்த மூன்று டிகிரிக்குக் காரணம் உண்டு, அம்மா. பெர்த்தின் கரையோரமாக லூவின் நீரோட்டம் என்ற வெப்ப நீரோட்டம் தெற்கே போகிறது. இந்தோனேசியத் தீவுகளுக்கிடையே புகுந்து வருகிற வெதுவெதுப்பான நீர், அதாவது நம் வாசல் பக்கத்துத் தண்ணீர், அதில் கலந்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில்தான் அது வலுவாக ஓடும். அடிலெய்டு இன்னும் தெற்கே, குளிர்ந்த தென்கடலின் வளைகுடா ஒன்றை ஒட்டியிருக்கிறது. பெர்த்தில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தாண்டும், பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை. 1970களிலிருந்து அந்தக் குளிர்கால மழை குறைந்துகொண்டே வருகிறது, அதனால் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் குடிக்கிறார்கள், நம்மைப்போலவே. அடிலெய்டு அதைவிட வறட்சி, ஏறக்குறைய 540. நம் சிங்கப்பூரில் 2,100க்கு மேல். குடையை இரவல் கொடுத்துவிட்டே போகலாம்.

செங்காங் அப்பா:

எந்த ஊர் என்பதைவிட, எந்த ஆறு மாதம் என்பதுதான் கேள்வி என்று நினைக்கிறேன். அக்டோபர் முதல் மார்ச் வரை போனால் வெயில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்றால் மழையும் குளிரும். நாங்கள் ஜூன் விடுமுறையில் கடற்கரைக்கென்று பெர்த் போய், அறைக்குள் உட்கார்ந்து கூதல் காய்ந்துவிட்டு வந்தோம். பிள்ளைகள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஈசூன் பாட்டி:

எல்லாருக்கும் நன்றி. செங்காங் தம்பி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். மகனிடம் கேட்டேன். திருச்சியிலிருந்து வருகிற சம்பந்தி வீட்டார் அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்களாம். குளிர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாதாம்! எங்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆக, குளிர்காலம் எங்கள் தலையில்.

இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் அட்டவணையை வாங்கி அவரே பார்த்தார். இப்போது “மூன்று டிகிரி என்றால் சும்மாவா?” என்கிறார். பெர்த் என்று முடிவு. இங்கும் அங்கும் ஒரே மணி, ஐந்து மணி நேரப் பயணம், அதுவும் அவருக்குப் பிடித்துப்போனது.

உட்லண்ட்ஸ் தம்பி, ஹீட்டரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மகன் ஏதோ எரிவாயு ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்கிறான்.

முன்னாள் உட்லண்ட்ஸ்காரன்:

வேண்டவே வேண்டாம், அக்கா. வெளியே புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டர், எரிந்த வாயுவையும் ஈரத்தையும் அறைக்குள்ளேயே விடும். ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டில் அதை நான் பொருத்த மாட்டேன். சூடும் குளிரும் இரண்டையும் தருகிற குளிரூட்டி ஒன்று கூடத்தில், ஒன்று உங்கள் படுக்கையறையில் இருந்தால் போதும். மின்கட்டணமும் தாங்கும். வாடகை வீடு என்றால் அது ஏற்கெனவே இருக்கிற வீடாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், பிறகு பொருத்தித் தருகிறேன் என்பதை நம்ப வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பளி விரிப்பு போட்டுவிடுங்கள், காலையில் முதல் கால் வைப்பது அதில்தான் இருக்க வேண்டும். அண்ணனின் குரங்குக் குல்லாவை மறக்காமல் பெட்டியில் வையுங்கள்.