மலைப்பாதை டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் யாராவது தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்து ஏற்றும் பிக்கப்கள், கோவைக்குத் தூள் மூட்டை கொண்டுபோகும் லாரிகள். டிரைவர்களுக்கு முறையான தற்காப்பு ஓட்டுநர் பயிற்சி (டிஃபென்சிவ் டிரைவிங், அதாவது ஆபத்தை முன்கூட்டியே யூகித்து ஓட்டுவது) கொடுக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "இருபது வருஷமா ஓட்டுறவனுக்கு என்னய்யா பயிற்சி?" என்கிறார்.

தலைவலியே இறக்கம்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனர் சூடேறி, மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் பிடிமானம் குறைந்துவிடுகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும், விதியே அதுதான். சீசனில் கீழேயிருந்து வரும் கார்காரர்கள் பலருக்கு இது தெரியாது. அவர்கள் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே யூகித்து ஓட்ட நம் ஆட்கள் பழக வேண்டும். பனிமூட்டமும் காட்டெருமையும் தனிக்கதை.

கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ மேலே வந்து, எங்கள் வண்டியிலேயே, சுமையோடு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் உண்டா? ஹாலில் படம் போட்டுக் காட்டுவது மட்டும் என்றால் வேண்டாம். ஆளுக்கு என்ன வாங்குகிறார்கள்? அப்புறம், உங்கள் கம்பெனியில் இதைச் செய்திருந்தால் லைனர், டயர், டீசல் செலவில் வித்தியாசம் தெரிந்ததா? அந்தக் கணக்கைக் காட்டினால்தான் முதலாளி அசைவார். இதை வைத்து இன்சூரன்ஸ் பிரீமியத்தில் சலுகை வாங்கியவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.