வெளியூர் விரால் குஞ்சு விட்டால் நம் ஏரி விரால் கெட்டுப்போகுமா?

கேள்வி (குடியாத்தம் பக்கம்):
மோர்தானா கால்வாய்த் தண்ணீர் வந்து எங்கள் ஊர் ஏரி இந்த முறை கோடி போகிறது. மீன்பாசி குத்தகை எடுத்தவர் வழக்கமாக விடும் கட்லா, ரோகுவோடு விரால் குஞ்சும் விடப்போகிறார். வெளி மாநிலத்துப் பண்ணையிலிருந்து ஆக்சிஜன் பாக்கெட்டில் வருகிறதாம். என் பெரியப்பா ஒரேயடியாக மறுக்கிறார். "கட்லா விடட்டும். வெளி விரால் வேணாம், நம்ம வித்தே போயிடும்" என்கிறார். விராலோடு விரால் சேர்ந்தால் என்ன ஆகிவிடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (அணைக்கட்டு):
விரால் எங்கே இருந்து வந்தாலும் விரால்தான். என் பண்ணைக்குட்டையில் வாங்கி விட்ட குஞ்சு தீவனம் தின்று நன்றாக வளர்கிறது. ஏரியில் மீன் பெருகினால் ஊருக்கு நல்லதுதானே?

பதில் (காட்பாடி):
கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பி, உங்கள் பெரியப்பா சொல்வது சரி. கட்லாவையும் விராலையும் அவர் பிரித்துப் பார்த்தாரே, அதுதான் இதில் முக்கியம்.

கட்லா, ரோகு இரண்டும் கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள். ஏரியின் தேங்கிய தண்ணீரில் அவை முட்டையிடுவதில்லை. 1957இல் ஒடிசாவில் பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறை கைகூடிய பிறகுதான் பண்ணையில் எடுத்த குஞ்சு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. நம் கெளுத்தியோடோ குறவையோடோ அவை இனம் கலக்காது. தீனிக்குப் போட்டி உண்டு, அது வேறு பேச்சு.

விரால் அப்படியில்லை. ஏரிக்குள்ளேயே கோரை, பாசி நடுவில் இடத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும். செம்மஞ்சள் குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து மூச்சு வாங்குவதையும், தாய் தகப்பன் கீழே காவல் நிற்பதையும் நீங்களே கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். ஆக, வந்த விரால் இருக்கிற விராலோடு அங்கேயே ஜோடி சேரும், அந்தக் கலப்பு பிள்ளை பேரன் என்று இறங்கும். ஏரி கோடி போனால் அடுத்த ஏரிக்கும், கவுண்டின்யா ஆறு வழியாகப் பாலாற்றுக்கும் போகும். பிறகு பிரித்தெடுக்க வழியே கிடையாது.

கலந்தால் என்ன நஷ்டம்? நம் ஏரிகள் சித்திரை, வைகாசியில் வற்றிச் சேறாகிவிடும். அந்தச் சேற்றுக்குள் கிடந்து, வெறும் காற்றைச் சுவாசித்து, அடுத்த மழை வரை உயிரோடிருந்த விரால்களின் வாரிசுதான் இன்று உங்கள் ஏரியில் இருப்பது. தாங்காதவை வாரிசு இல்லாமல் போய்விட்டன. பண்ணைத் தொட்டியில் நடப்பது நேர்மாறு. உருண்டைத் தீவனம் தின்னப் பழகியது பிழைக்கும், பழகாதது சாகும். கோடையே தெரியாத மீன் அது.

இன்னொன்று, தாய்மீன் கணக்கு. ஒரு ஜோடியே ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதால், பத்திருபது மீனை வைத்தே வண்டி வண்டியாகக் குஞ்சு எடுத்துவிடலாம். 50 ஆண், 50 பெண் என்றால் மரபணுக் கணக்கில் 100 மீன். அதே நூறில் ஆண் 5, பெண் 95 என்றால், எல்லாக் குஞ்சுக்கும் பாதி மரபணு அந்த ஐந்து தகப்பனிடமிருந்தே வருவதால், கணக்கில் வெறும் 19தான். அப்படி எடுத்த குஞ்சை ஏரி நிறைய விட்டால் மீன் எண்ணிக்கை கூடும், ஆனால் பலவும் அண்ணன் தங்கையாக இருக்கும். அணைக்கட்டு நண்பர் சொன்ன 'பெருக்கம்' இதைத்தான் மறைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்து ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்ற மீனைத் தலைமுறை வாரியாக மரபணு பார்த்து ஆராய்ந்தார்கள். 2007இல் வெளிவந்தது. பண்ணையில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் விட்ட பிறகு முட்டையிட்டு வாரிசைப் பிழைக்க வைக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. அது வேறு மீன், குளிர்ந்த ஆறு. ஆனாலும் ஒன்றிரண்டு தலைமுறையிலேயே இவ்வளவு என்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

கேட்டவர்:
அக்கா, பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். குத்தகைக்காரர்தான் "விரால்லதான் காசு" என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

பதில் (காட்பாடி):
விரால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், உங்கள் ஏரி விராலையே பெருக்கச் சொல்லுங்கள். குஞ்சுத் திரள் தெரியும் இடத்தில் தூண்டிலும் வலையும் கூடாது. தாயைப் பிடித்த மறு நாளே குறவையும் கொக்கும் குஞ்சைத் தின்று தீர்த்துவிடும். கரையோரக் கோரையை மொத்தமாக வெட்ட வேண்டாம். குஞ்சை வளர்த்து விட நினைத்தால், ஏரியின் பல மூலையிலிருந்து பல திரளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஏரிக்குள்ளேயே ஹாப்பா வலை (குஞ்சு வளர்க்கும் பொடிக்கண் வலைப்பெட்டி) கட்டி, விரல் நீளம் வந்ததும் திறந்துவிடலாம். ஒரே திரளை முழுதாக அள்ளி வளர்த்தால் மறுபடியும் அண்ணன் தங்கை கதைதான். வண்டி வாடகையும் வழியில் சாகிற குஞ்சும் அவருக்கு மிச்சம்.

பதில் (அணைக்கட்டு):
மேடம், என் குட்டை ஏரிக்குக் கீழேதான். 2021 நவம்பர் வெள்ளத்தில் கரை தெரியாமல் தண்ணீர் ஓடியது. என் மீனும் வெளியே போயிருக்குமா?

பதில் (காட்பாடி):
போயிருக்கும் சார், விரால் ஈரத் தரையிலேயே ஊர்ந்து போகிற மீன். இனிமேல் ஐப்பசி மழைக்கு முன்பே பெரியதைப் பிடித்து விற்றுவிடுங்கள். கரையை உயர்த்தி, சுற்றி வலை கட்டி, வலையின் அடியை மண்ணில் புதையுங்கள். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது உங்கள் பக்கத்து ஏரித் தாய்மீனிலிருந்து எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.