புதுப்பிப்பு: 19 லட்சம் கட்டியும் கடன் குறையவில்லை என்று கேட்டிருந்தேன்

30 லட்சம் வீட்டுக்கடன், 9% மிதக்கும் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்கக்கூடியது), 20 வருடம், மாதத் தவணை 26,992. 6 வருடத்தில் 19.43 லட்சம் கட்டியும் அசல் 4.27 லட்சம்தான் குறைந்திருக்கிறது, வங்கி ஏமாற்றுகிறதா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

ஏமாற்றவில்லை. பலரும் சொன்னபடி தவணை அட்டவணையை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே விஷயம் புரிந்துவிட்டது: வட்டி 22,500, அசல் 4,492. நிலுவை அசலுக்குத்தான் வட்டி போடுகிறார்கள். அதனால் ஆரம்பத்தில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. கடன் வாங்கும்போதே இந்த ஒரு தாளை யாராவது காட்டியிருக்கலாம்!

சரி, கையில் இருந்த 2 லட்சத்தை அசலில் கட்டப் போனேன். கவுன்டரில் 2% கட்டணம் என்றார்கள். தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் கட்டணம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. அதைச் சொன்னதும் மேலாளர் பார்த்துவிட்டு நீக்கினார். அப்புறம் படிவத்தில் கவனம்: தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று கேட்பார்கள். நான் காலத்தைக் குறைக்கச் சொன்னேன். மீதி 168 தவணை 145 ஆனது.

ரசீதும் புது அட்டவணையும் கைக்கு வந்துவிட்டன. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தீபாவளி போனஸில் இன்னொரு 50,000 கட்டப் போகிறேன்.