உபுண்டு நிறுவிய பிறகு விண்டோஸ் பில்லில் முந்தைய நாள் தேதி விழுகிறது

தெற்குவாடி, பாம்பன்:
வணக்கம். அப்பா கரையில் மீன் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார். கணக்கு என் பொறுப்பு. எங்கள் பில் மென்பொருள் விண்டோஸ் 10-இல்தான் ஓடும். அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், இணையத்துக்கும் வங்கி வேலைக்கும் அதே மடிக்கணினியில் உபுண்டு 24.04 என்ற இன்னொரு இயங்குதளத்தையும் நிறுவினேன். சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன். கணினியைப் போட்டதும் எதைத் திறப்பது என்று கேட்கும் கிரப் பட்டியல் வருகிறது, இரண்டும் ஒழுங்காகத் திறக்கின்றன.

தொல்லை கடிகாரத்தில். விடியற்காலை நான்கு மணிக்கு ஏலத்தில் எடுத்த கணவாய்க்குப் பில் போட்டால், முந்தைய நாள் தேதியும் இரவு 10:30 என்ற நேரமும் விழுகின்றன. ஐஸ் பெட்டியை லாரியில் ஏற்றும் அவசரத்தில் இதை யார் பார்ப்பார்கள்? "அந்தத் தேதியில் உங்களிடம் சரக்கே எடுக்கவில்லையே" என்று வியாபாரி பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். நேரத்தைத் திருத்தினாலும், உபுண்டுவுக்குள் போய்த் திரும்பினால் பழையபடி ஆகிவிடுகிறது. உபுண்டுவில் மட்டும் நேரம் சரி. விண்டோஸை இணையத்தில் இணைப்பதே இல்லை. பழுதுபார்க்கும் கடையில் மதர்போர்டு பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். அப்பா உபுண்டுவையே எடுத்துவிடச் சொல்கிறார்; எனக்கு மனமில்லை.

தொண்டி:
உப்புக்காற்றுக்குப் பேட்டரி முனை பச்சை பூத்துப்போவது நம் பக்கம் சாதாரணம். விலையும் குறைவுதான், மாற்றிப் பாருங்கள்.

கீழக்கரை:
தம்பி, பேட்டரிக்குச் செலவழிக்க வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் ஏதோ பழைய வருடத்துக்குப் போய் நிற்கும். உங்களுக்கோ ஒவ்வொரு முறையும் அச்சாக ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறது. கிரீன்விச் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது.

மதர்போர்டில் கடிகாரம் ஒன்றுதான். அதில் கிரீன்விச் நேரத்தை எழுதிவைத்து, ஐந்தரை மணி கூட்டித் திரையில் காட்டுவது உபுண்டுவின் வழக்கம். விண்டோஸ் அதிலிருப்பதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டே இருக்கும்போது நீங்கள் கையால் திருத்துவது எப்படி நிற்கும்?

உபுண்டுவில் கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையை 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று சேர்த்துக் கொடுங்கள் (timedatectl set-local-rtc 1). உபுண்டுவும் அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கத் தொடங்கும். நீளமாக ஓர் எச்சரிக்கை வரும். கோடையில் கடிகாரத்தை மாற்றிவைக்கும் நாடுகளில் குழப்பம் வரும் என்பதற்காக அது. நமக்கு அந்த வழக்கம் இல்லை, பயப்படாதீர்கள். பிறகு விண்டோஸுக்குள் போய் நேரத்தை ஒரு தடவை சரிபாருங்கள். இதற்காக உபுண்டுவை எடுக்கவே எடுக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பதுதான் ஆபத்து. அப்பாவிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மண்டபம்:
எனக்கு விண்டோஸ் பக்கம் மாற்றுவதுதான் பிடிக்கும். விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'டைம்ஸோன்இன்ஃபர்மேஷன்' பகுதியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பை உருவாக்கி 1 கொடுத்தால், விண்டோஸும் கிரீன்விச் நேரத்தையே படிக்கும். ஆனால் இரண்டு பக்கமும் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடத் தொடங்கும். விண்டோஸில் முழுதாக அணையாமல் வேகமாகத் திறக்கவைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உபுண்டுவிலிருந்து சி டிரைவில் எழுத முடியாமல் போகும்.

தெற்குவாடி, பாம்பன்:
கீழக்கரை அண்ணன் சொன்ன கட்டளையைக் கொடுத்தேன். உபுண்டுவுக்குள் போய்த் திரும்பியும் விண்டோஸில் நேரம் மாறவில்லை. மிக்க நன்றி. ஏற்கெனவே போட்ட பில்களை என்ன செய்வது? எல்லாவற்றிலும் தேதியை ஒரு நாள் தள்ளிவிடலாமா?

கீழக்கரை:
எல்லாவற்றையும் தள்ளாதீர்கள், சரியாக இருப்பதும் கெட்டுவிடும். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் போட்ட பில்களில் மட்டும்தான் தேதி பிசகியிருக்கும். பில்லில் மாலை 6:30-க்கு மேல் நேரம் விழுந்திருந்தால் அது அந்த வகை. ஐந்தரைக்குப் பிறகு போட்டவற்றில் நேரம் தப்பு, தேதி சரி. உபுண்டு நிறுவிய நாளிலிருந்து ஏலச் சிட்டையை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நடுவில் நீங்கள் கையால் நேரத்தைத் திருத்திய பிறகு, மறுபடி உபுண்டுவுக்குள் போகும்வரை போட்ட பில்கள் சரியாகவே இருக்கும். வியாபாரிக்குத் திருத்திய பில்லோடு சிட்டையின் நகலையும் அனுப்புங்கள்.